எடைக்கேற்ற வில்

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே உள்ள ஊரப்பாக்கம் நிலையத்தில் நீங்கள் எப்போதாவது ரயிலுக்காகக் காத்து நின்றிருக்கக்கூடும். காலை நேரத்தில் தாம்பரம் செல்லும் மின்சார ரயில் வந்துவிட்டால் எல்லோருடைய கண்ணும் கதவின் மேல்தான் இருக்கும். அடுத்த முறை, எதிர்ப் பாதையில் நிற்கும் ரயிலின் சக்கரங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அச்சின் இரு முனைகளிலும் கட்டைவிரலைவிடத் தடித்த எஃகுக் கம்பியைச் சுற்றிச் செய்த சுருள்கள் தெரியும். நாம் ஸ்பிரிங் என்று சொல்லும் சுருள்வில்கள் அவை. பெட்டியும் அதிலுள்ள மனிதர்களும் அவற்றின் மேல்தான் நிற்கிறார்கள்.

ஒரு சுருள்வில்லைக் கையில் எடுத்து "இது நல்ல வில்லா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு எடையைத் தாங்க வேண்டிய வில் அது என்று தெரிந்தால்தான் பதில் உண்டு. இதன் அடிப்படையைக் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். அவர் 1676-ல் தம் முடிவை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். வேறு எவரும் முந்திக்கொள்ளக் கூடாதே என்ற கவலை! இரண்டாண்டுகள் கழித்து, 1678-ல், அதை விடுவித்தார். வில்லின் நீட்சி அதன்மேல் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி. இரு மடங்கு எடை வைத்தால் இரு மடங்கு அமுங்கும்.

இதிலிருந்து வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது. ஒரு வில் தன்மீதுள்ள எடையால் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று தெரிந்தால் போதும். தட்டிவிட்டால் அது வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று கணக்கிட்டுவிடலாம். 1 செ.மீ. அமுங்கும் வில் வினாடிக்கு ஏறக்குறைய 5 முறை ஆடும். 10 செ.மீ. அமுங்குவது ஒன்றரை முறைக்குச் சற்று மேல். 25 செ.மீ. அமுங்குவது ஒரே முறை. மனித உடல் வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையுள்ள மேல்கீழ் ஆட்டத்தைத்தான் மிகக் குறைவாகப் பொறுத்துக்கொள்கிறது. வயிற்றைக் கலக்குவது அந்த ஆட்டமே. ஆகவே பயணிகள் பெட்டிக்கு நன்றாக அமுங்கும் மென்மையான வில் வேண்டும்.

அப்படியானால் எல்லாப் பெட்டிகளுக்கும் மிக மென்மையான வில்லையே வைத்துவிட்டால் என்ன? வைக்க முடியாது. தடையாக நிற்பது பெட்டியின் முனையிலுள்ள இன்னொரு வில். அதுதான் பஃபர்.

ரயில்கள் தோன்றிய தொடக்கத்தில் பெட்டிகளின் முனைகளில் வெறும் மரக்கட்டைகளே இருந்தன. பெட்டிகளைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ரயில் புறப்படும்போது ஒவ்வொரு சங்கிலியாக வெடுக்கென்று இழுபடும். நிற்கும்போது பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதும். 1830-ல் தொடங்கிய லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில்பாதையின் நிர்வாகியாயிருந்த ஹென்றி பூத் இதற்கு ஒரு வழி கண்டார். 1836-ல் அவர் உருவாக்கிய திருகு இணைப்பைச் சுழற்றினால் இரண்டு பெட்டிகளும் நெருங்கிவந்து, வில் பொருத்திய பஃபர்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும். இடைவெளி இல்லை, ஆகவே இடியும் இல்லை. வேலை தொடங்கும் முன்பே வில்லைச் சற்று அமுக்கி வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம், பார்ப்பதற்கு எளியது; ஆனால் பின்னால் வந்த எத்தனையோ பொறிகளில் அது இடம்பெற்றிருக்கிறது.

பஃபர் செய்யும் வேலை எவ்வளவு பெரியது? 40 டன் எடையுள்ள ஒரு பெட்டி, நாம் நடக்கும் வேகமான மணிக்கு 5 கிலோமீட்டரில் இன்னொன்றின்மேல் மோதுவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெட்டியின் இயக்க ஆற்றல், 1 டன் எடையை ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். இதை ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் விசை பயங்கரமாக இருக்கும். பத்துச் சென்டிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை பத்தில் ஒரு பங்காகிவிடும். இங்கும் எடைக்கேற்ற வில்தான் வேண்டும். மிக மென்மையானது உடனே முழுவதும் அமுங்கி மரக்கட்டைபோல் ஆகிவிடும். மிகக் கடினமானதோ அமுங்கவே அமுங்காது. எஃகு வில்லுக்கு மற்றொரு குறையும் உண்டு: வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தந்துவிடும், பெட்டி பின்னுக்குத் துள்ளும். ரப்பர் அந்த ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்கித் தன்னுள்ளேயே விழுங்கிவிடுவதால் பிற்காலப் பஃபர்களில் ரப்பர் அடுக்குகள் இடம்பிடித்தன.

அக்காலத்தில் எழும்பூரிலிருந்து ஊரப்பாக்கம் வழியாகத் தெற்கே சென்ற மீட்டர் பாதை ரயில்களில் நடுவே ஒரே ஒரு பஃபர்தான். அகலப்பாதையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இரண்டு பெட்டிகளின் பஃபர்கள் நேருக்கு நேர் சந்தித்தால்தான் பயன். ஒன்று உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருந்தால் மோதலின்போது ஒரு பெட்டி மற்றதன்மேல் ஏறிவிடலாம். மரப்பெட்டிகள் இருந்த காலத்தில் இதனால் நேர்ந்த உயிரிழப்புகள் கொஞ்சமல்ல. அதனால்தான் நம் அகலப்பாதையில் தண்டவாளத்திலிருந்து பஃபரின் உயரம் காலிப் பெட்டியில் 1105 மி.மீட்டருக்கு மேற்படக் கூடாது, நிறைந்த பெட்டியில் 1030 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். இடைப்பட்டது 75 மி.மீ. மட்டுமே.

இப்போது சிக்கல் விளங்கும். வில்களின் மேலுள்ள காலிப் பெட்டியின் எடை 30 டன் என்றும், அது 25 செ.மீ. அமுங்குகிறது என்றும் கொள்வோம். பயணிகள் ஏறி 9 டன் கூடினால் பெட்டி மேலும் ஏழரைச் சென்டிமீட்டர் தாழும். வரம்பு அத்துடன் தீர்ந்துவிட்டது! சுகமாகப் பயணம் செய்ய மென்மை வேண்டும். பத்திரமாகப் பயணம் செய்ய விறைப்பு வேண்டும். இரண்டுக்கும் நடுவே பொறியாளர் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு திறந்துவைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை இந்தத் தேர்வை மிகக் கவனமாகச் செய்தது. ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு அங்கே முழு எஃகுப் பெட்டிகள் உருவாயின. சக்கர அச்சுக்கு மேல் ஒரு வரிசைச் சுருள்வில்கள்; அதற்கு மேல், பெட்டியைத் தாங்கும் இரண்டாம் வரிசை; ஆட்டத்தை அடக்க எண்ணெய் நிரம்பிய உருளைகள். இவ்வகைப் பெட்டிகள் அங்கே 2018 வரை தயாராயின.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி பணிமனையில் நடப்பது. ஒரே அச்சில் ஒரே எஃகால் செய்த இரண்டு வில்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் எந்திரத்தில் வைத்துக் குறிப்பிட்ட எடையால் அமுக்கி, நிற்கும் உயரத்தை அளந்து மூன்று பிரிவாக்குகிறார்கள். ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை வண்ணம். ஒரே வண்டிச்சட்டத்தில் ஒரே நிற வில்களையே பூட்ட வேண்டும். கலந்துவிட்டால் ஒரு சக்கரம் அதிக எடையையும் மற்றொன்று குறைந்த எடையையும் தாங்கும். எடை குறைந்த சக்கரம் வளைவில் தண்டவாளத்தைவிட்டு ஏறிவிடும் ஆபத்து உண்டு. சக்கரம் தேய்வதும் கணக்கில் வருகிறது. புதிதாக 915 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் தேய்ந்து 819 மி.மீட்டரை எட்டும்போது பெட்டி 48 மி.மீ. தாழ்ந்திருக்கும். அதை ஈடுசெய்ய, தேயத் தேய வில்லுக்கடியில் தடித்த வளையங்களைச் செருகுவார்கள்.

ஆனால் பொருத்தம் என்பது இரு பக்கமும் மாறாதிருக்கும் வரைதான். ஒரு பக்கம் மாறிவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கப் படையின் எம்-16 துப்பாக்கியில், சுடும்போது பின்னுக்குப் பாயும் பாகத்தை அடிக்கட்டையிலுள்ள ஒரு வில்லும் பஃபரும் தாங்கி முன்னே தள்ளும். தோட்டாவின் வெடிமருந்து ஒரு வகை. அதற்கேற்ற எடை, அதற்கேற்ற வில். 1960-களில் வெடிமருந்தை மட்டும் மாற்றினார்கள். பாகம் முன்னைவிட வேகமாகப் பாய்ந்து திரும்பியது. இது மட்டும் காரணமன்று. குழலின் உட்புறம் துருப்பிடிப்பதும் சேர்ந்துகொள்ள, வியட்நாம் போர்க்களத்தில் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன, வீரர்கள் மடிந்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. தீர்வுகளில் ஒன்று, உள்ளே நகரும் எடைத்துண்டுகள் கொண்ட, முன்னதைவிடக் கனமான பஃபர்.

நம் ரயில்களில் மாறியது வெடிமருந்தல்ல, மக்கள்தொகை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது ஊரப்பாக்கம் வயலும் ஏரியும் சூழ்ந்த கிராமம். இன்று அது மாநகரின் நீட்சி. 2023 இறுதியில் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது. இந்த நெருக்கடி உச்சத்தை எட்டியது மும்பையில். சுமார் 1,700 பேருக்கென வகுத்த 9 பெட்டி ரயிலில் 4,500 பேருக்கு மேல் ஏறினார்கள். ஒருவருக்கு 60 கிலோ என்று கொண்டால், ஒரு பெட்டியில் 11 டன் இருக்க வேண்டிய இடத்தில் 30 டன். காலிப் பெட்டிக்கு ஏறத்தாழ இணையான எடை! சுருள்கள் ஒன்றையொன்று தொடுமளவு அமுங்கிவிட்டால் வில் இருந்தும் இல்லாததுபோல்தான். அதற்காக விறைப்பான வில்லை வைத்தால், நண்பகலில் காலியாக ஓடும் அதே ரயில் குலுக்கித் தள்ளும்.

இங்கேதான் காற்றுவில் வருகிறது. எஃகுச் சுருளுக்குப் பதில், தடித்த ரப்பர் பையில் அழுத்திய காற்று. பயணிகள் ஏறிப் பெட்டி தாழ்ந்தால் ஒரு சிறு நெம்புகோல் அடைப்பிதழைத் திறந்து காற்றை உள்ளே விடும், இறங்கினால் வெளியேற்றும். பெட்டியின் தளம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். இதைவிட அழகானது வேறொன்று: காற்றின் அழுத்தம் கூடும்போது வில்லின் விறைப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. எடையும் விறைப்பும் சேர்ந்தே கூடுவதால் ஆட்டத்தின் வேகம் மாறுவதில்லை. காலி ரயிலும் நிறைந்த ரயிலும் ஒரே மாதிரி ஆடும்!

காற்றுவில் பொருத்திய புறநகர் ரயில்கள் பெரம்பூரில் தயாராகி 2007-ல் மும்பையில் ஓடத் தொடங்கின. 2025 ஏப்ரலில் கடற்கரை-செங்கல்பட்டுப் பாதையில், ஊரப்பாக்கம் வழியாக ஓடத் தொடங்கிய குளிர்சாதனப் புறநகர் ரயிலும் அங்கே கட்டப்பட்டதே. ரப்பர் பை கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அதற்காகப் பைக்கு அடியிலேயே திண்மையான ரப்பர் வில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். காற்று போனதும் பெட்டி அதன்மேல் அமர்ந்துவிடும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, குலுங்கக் குலுங்கப் பணிமனைவரை ரயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.