வங்கக் கடலின் பெயர் பெற்ற கிருமி

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நெருங்கித் தொடர்ந்து அக்கரைப்பற்றுவரை செல்லும் கரையோர முஸ்லிம் ஊர்களில், வெயில் முதிருங் காலத்திலே சிறுவர் மேனியிற் கொப்புளமுங் கட்டியுந் தோன்றுதல் புதுமையன்று. தாய்மார் இதனைச் சூட்டினால் வந்ததென்பர். வெப்பமும் வியர்வையும் நெருங்கி வாழ்தலும் துணைபுரிவன உண்மையே. ஆயினும் கட்டியை விளைப்பது ஒரு நுண்ணுயிர். அபடீன் நகரத்து அறுவை வைத்தியர் அலெக்சாந்தர் ஒக்ஸ்ரன் அதனைச் சீழினுட் கண்டாராய்ந்து, திராட்சைக் குலை போன்றிருந்தமையால் 1882இல் ஸ்ரபைலோகொக்கஸ் எனப் பெயரிட்டார்.

இந்நுண்ணுயிரின் ஒரு குலம் இன்று ஆராய்ச்சியாளரால் 'வங்கக் கடற் குலம்' என வழங்கப்படுகின்றது. கல்முனைக் கரையை மோதும் அதே கடலின் பெயர். அக்குலம் கொடிய நஞ்சையும், மருந்துக்கு அடங்காத தன்மையையும் ஒருங்கே உடையது. ஆனால் இவ்விரண்டும் உடன்பிறந்தவை அல்ல. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியால் வந்து சேர்ந்தவை.

நஞ்சு பழமையானது. வெண்குருதிக் கலங்களைச் சிதைக்கும் பொருளொன்று இக்கிருமியிடத்து உண்டென்பதை 1894இல் வான் டி வெல்டே கண்டார். 1932இல் இலண்டனில் பன்ரன், வலன்ரைன் என்னும் இருவர் அதனைத் தெளிவுற விளக்கினமையின், அஃது இன்றும் அவர்தம் பெயராலேயே வழங்குகின்றது. இந்நஞ்சை ஆக்கும் பரம்பரையலகுகள் கிருமியின் சொந்த உடைமையல்ல. பற்றீரியாக்களுட் புகுந்து வாழும் வைரசு ஒன்று அவற்றைச் சுமந்து வருகின்றது. எனவே சாதுவான கிருமியும் ஒருநாட் கொடியதாகலாம்.

இக்கிருமியின் நஞ்சுகள் குழந்தைகளை என்செய்யும் என்பதை 1928 சனவரியில் அவுத்திரேலியாவின் பண்டபேக் நகரம் கண்டது. தொண்டைக்கரப்பான் தடுப்பூசி ஏற்றப்பட்ட 21 சிறுவருள் 12 பேர் மாண்டனர். மருந்துப் புட்டியுள் ஸ்ரபைலோகொக்கஸ் வளர்ந்திருந்தது. அதனை ஆராய்ந்த மக்பார்லன் பேர்ணெற், செங்குருதிக் கலங்களை அழிக்கும் பிறிதொரு நஞ்சை அக்கிருமியிடத்துக் கண்டார். பெனிசிலினே கண்டறியப்படாத காலம் அது. மருந்தெதிர்ப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லை.

அடங்காமையோ மனிதர் மருந்தைக் கையாண்டதன் பின் வளர்ந்தது. 1950களில் பெனிசிலினை வென்ற '80/81' என்னும் வகை, மகப்பேற்று மனைகளிற் பச்சிளங் குழந்தைகளைத் தாக்கியது. பேணிவைக்கப்பட்டிருந்த அக்கிருமிகளை அரை நூற்றாண்டின் பின் சோதித்தபோது, பன்ரன்-வலன்ரைன் நஞ்சு அவற்றில் இருந்தமை புலனாயிற்று. பெனிசிலினுக்கு மாற்றாக மெதிசிலின் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. நெடுங்காலம் அது மருத்துவமனைக்குரிய தொல்லையென்றே கருதப்பட்டது. 1997க்கும் 1999க்கும் இடையில் அமெரிக்காவின் மினசோட்டா, வட டக்கோட்டா மாநிலங்களில், மருத்துவமனைத் தொடர்பில்லாச் சிறார் நால்வர் அத்தகைய கிருமியால் மாண்டபின் அவ்வெண்ணம் நிலைக்கவில்லை.

வங்கக் கடற் குலத்தின் வரலாறு 14 நாடுகளிற் பெற்ற 340 மாதிரிகளைக் கொண்டு ஆராயப்பட்டு, 2019இல் வெளியாயிற்று. 1960களின் தொடக்கத்தில் இந்தியத் துணைக்கண்டத்தில் அக்குலம் தோன்றியதென்றும், பல மருந்துகளை எதிர்க்கும் அலகுகளை ஒருசேரப் பெற்ற கிளையொன்று 1990களில் விரைந்து பரவியதென்றும் அவ்வாய்வு கூறுகின்றது. அதனை ஓங்கச் செய்தது நஞ்சன்று, மருந்தெதிர்ப்பே என்பது அவர்தம் முடிபு. கடல்கடந்து அதனைக் கொண்டு சென்றவை பெரும்பாலும் பயணமும் உறவினர் தொடர்புமே. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் செல்வோர் மலிந்த கரையோர ஊர்களுக்கு இது தொலைவுச் செய்தியன்று.

இலங்கைச் சட்டப்படி வைத்தியர் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்றலாகாது, விற்கப்படுகின்றது. காய்ச்சலற்ற சிறுவனின் சிறு கட்டிக்கோ, அம்மாத்திரை பலகாலும் வேண்டப்படுவதேயில்லை. பழுத்ததைக் கீறிச் சீழை வெளியேற்றுதலே இன்றும் முதற் சிகிச்சை. அதனைப் பழைய பரிசாரியும் அறிந்திருந்தார். கத்தியைக் கொதிநீரில் இடவேண்டும் என்பதொன்றே அவர் அறியாதது.