இடித்த வீடுகளும் ஏறிய வாடகையும்: விக்டோரியா காலக் கிழக்கு லண்டன்

1900 மார்ச்சில் வேல்ஸ் இளவரசர் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனுக்கு வந்து பவுண்டரி எஸ்டேட் என்ற புதுக் குடியிருப்பைத் திறந்துவைத்தார். செங்கல்லில் எழுந்த அடுக்குமாடிகள், நடுவில் வட்டமான பூங்கா, பூங்காவில் ஒரு மேடு. அங்கே முன்பிருந்த ஓல்டு நிக்கல் தெருக்களை இடித்த குப்பையைக் குவித்து உண்டாக்கிய மேடு அது. அந்தத் தெருக்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 5,719 பேர். அவர்களில் புது வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் 11 பேர் மட்டுமே என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் கணக்கு.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிழக்கு லண்டன் வறுமையை இந்தக் கேள்வியிலிருந்து பார்த்தால்தான், நெரிசலுக்குக் காரணம் யார், பழி யார் தலையில் விழுந்தது என்பது புரியும்.

பக்கத்திலுள்ள ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் ஒரு காலத்தில் செழித்த இடம். 1685-இல் பிரான்சு தன் புராட்டஸ்டண்ட் குடிகளின் வழிபாட்டுரிமையைப் பறித்தபோது தப்பிவந்த ஹ்யூகனோ நெசவாளர்கள் அங்கே பட்டு நெய்தார்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டி மேல்மாடியில் அகல ஜன்னல் வைத்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. வெளிநாட்டுப் பட்டுக்கான தடை 1826-இல் நீங்கியதும் தறிகள் ஓயத் தொடங்கின. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் அறைக்கொரு குடும்பம் ஏறியது. நம் நகரங்கள் நன்கறிந்த ஒண்டுக்குடித்தனம்தான். வீட்டுக்காரரிடம் குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவருக்கு விட, அவர் அறை அறையாக உள்வாடகைக்கு விட, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் லாபம் ஒட்டிக்கொண்டது.

அதன் மேல் இடிப்பு வந்தது. 1840-களில் கமர்ஷியல் தெருவைப் போடுவதற்காக ஏழைகளின் சந்துகளை அறுத்தார்கள். ரயில் பாதைகளும் கிடங்குகளும் இன்னும் பல தெருக்களை விழுங்கின. 1874-இல் லிவர்பூல் தெரு ரயில் நிலையம் திறந்தது. கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே தொழிலாளர்களுக்குப் போகவர இரண்டு பென்னிக் கட்டணத்தில் ரயில் விட வேண்டும் என்று சட்டம் நிபந்தனை போட்டது உண்மை. நிலையான கூலி உள்ளவர்கள் அதில் ஏறிப் புறநகருக்குப் போய்விட்டார்கள். விடியுமுன் துறைமுக வாசலில் நின்று, கங்காணி ஆள் எடுப்பானா என்று காத்திருக்கும் கூலிக்கு அது எப்படி முடியும்? வேலை கிடைக்குமா என்பதே அன்றன்று தெரியும். அவர் அடுத்த தெருவுக்கே போனார். அங்கே நெரிசல் கூடியது, வாடகையும் கூடியது.

1875-இல் வந்த கிராஸ் சட்டம் சுகாதாரக் கேடான தெருக்களை வாங்கி இடிக்க அதிகாரம் தந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் நஷ்டஈடு போனது வீட்டுக்காரருக்கு. குடியிருந்தவர் வீதிக்கு வந்தார். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் ஃபிளவர் அண்ட் டீன் தெருப் பகுதியில் வீடுகளை இடித்துவிட்டு, நிலத்தைச் சில ஆண்டுகள் வெறுமையாகவே போட்டுவைத்தார்கள். 1887-இல் அங்கே எழுந்த ராத்சைல்டு குடியிருப்பைக் கட்டியது அரசல்ல, முதலீட்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் லாபம் எடுப்பதில்லை என்று விதித்துக்கொண்ட ஒரு நிறுவனம்.

இந்த நெருக்கடிக்குள்தான் யூத அகதிகள் வந்து சேர்ந்தார்கள். 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டபின் அங்கே யூதர்கள் மேல் தாக்குதல்கள் கிளம்பின. அன்று முதல் 1914 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரிட்டனில் குடியேறினார்கள். பெரும்பகுதியினர் கிழக்கு லண்டனில். புதிதாக இறங்கியவர்களைக் 'கிரீனர்' என்பார்கள். தெரிந்த மொழி, தொழுகைக் கூடம், தையல் வேலை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்ததால் அவர்களும் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. பகலில் தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஓடிய அறையிலேயே இரவில் படுத்தார்கள். வீட்டுக்குள் நுழையவே 'சாவிப்பணம்' என்று ஒரு தொகை கேட்கப்பட்டது. நம் நகரங்களில் பகடி என்று சொன்னதைப் போன்றது.

வாடகை ஏறியதற்கு இவர்கள்தான் காரணம் என்ற பேச்சு பரவியது. ஓல்டு நிக்கல் அந்தப் பேச்சைப் பொய்யாக்குகிறது. லிவர்பூல் கப்பல் வணிகர் சார்லஸ் பூத் வரைந்த வறுமை வரைபடத்தில் அதன் தெருக்கள் பல, ஆகக் கீழான நிலையைக் குறிக்கும் கறுப்பு நிறத்தில் இருந்தன. அங்கே குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்களே. அந்த வீடுகளில் சிலவற்றின் சொந்தக்காரர்கள், சுகாதாரத்தைக் கவனிக்க வேண்டிய உள்ளூர் மன்றத்தின் உறுப்பினர்களாகவே இருந்தார்கள். கிழக்கு லண்டன் மக்களில் 35 சதவீதத்தினர் வறுமையில் இருப்பதாக பூத் 1889-இல் கணக்கிட்டார். குடிப்பழக்கத்தைவிட, வேலை நிரந்தரமின்மையும் குறைந்த கூலியுமே பெரிய காரணங்கள் என்றும் கண்டார்.

ஆனால் அரசியலில் எடுபட்டது பூத்தின் கணக்கல்ல. 1901-இல் பிரிட்டிஷ் பிரதர்ஸ் லீக் என்ற அமைப்பு கிழக்கு லண்டனில் குடியேற்றத்துக்கு எதிராகக் கூட்டம் திரட்டியது. ஸ்டெப்னி எம்.பி. வில்லியம் எவன்ஸ்-கார்டன் அதற்குத் துணைநின்றார். விசாரணைக் குழு அமர்ந்து, 1905-இல் அந்நியர் சட்டம் நிறைவேறியது. மத, அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்பட்டுத் தப்பிவந்தவர்களுக்கு அதில் ஒரு விலக்கு இருந்தது. கூடவே ஒரு பிரிவும் இருந்தது: நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள், நெரிசலால் சுகாதாரம் கெட்ட இடத்தில் குடியிருப்பதாக நீதிமன்றம் கண்டால், அந்த அந்நியரை நாடு கடத்தலாம். அந்த அறையை அவருக்கு வாடகைக்கு விட்டவரைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.