அழகைவிட அடித்தளம் முக்கியம்!

நிறுவனத்தின் இணையதளத்தைப் புதுப்பிப்பது என்று முடிவானதும், ஆலோசனைகள் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் தோற்றத்தைச் சுற்றியே நடைபெறுகின்றன. அதைத் தாங்கப்போகும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எது என்ற கேள்வியோ வடிவமைப்பாளரின் விருப்பத்துக்கு விடப்படுகிறது. தோற்றத்தைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடலாம். அமைப்பை மாற்றுவது வீட்டை இடித்துக் கட்டுவதற்கு ஒப்பானது.

நிரல் எழுதத் தெரியாத ஊழியரும் பக்கங்களை எழுதவும், திருத்தவும், வெளியிடவும் உதவும் மென்பொருளே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. 2001-இல் வெளியான ட்ரூபல், 2003-இல் வந்த வேர்ட்பிரஸ், 2005-இல் உருவான ஜூம்லா ஆகியவை திறமூல மென்பொருள்கள். இவற்றுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்றவை சந்தா செலுத்திப் பயன்படுத்தும் சேவைகள். வழங்கியின் பராமரிப்பையும் மென்பொருளின் பாதுகாப்பையும் சேவை நிறுவனமே கவனித்துக்கொள்கிறது.

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று பொருளல்ல. 2014 அக்டோபர் 15-ஆம் தேதி ட்ரூபலில் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு ஒன்று அறிவிக்கப்பட்டு, அதற்கான திருத்தமும் வெளியானது. அடுத்த 7 மணி நேரத்துக்குள் அதை நிறுவாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. இத்தகைய விழிப்புடன் தளத்தைக் கவனிக்க ஆள் வேண்டும்; அந்த ஆளுக்கு ஊதியமும் வேண்டும்.

பதிப்புகளுக்கும் ஆயுள் உண்டு. 2011-இல் வெளியான ட்ரூபல் 7-க்கான அதிகாரபூர்வ ஆதரவு 2025 ஜனவரி 5-உடன் முடிவடைந்தது. 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பின் கட்டமைப்பு பெரிதும் மாறியிருந்ததால், பழைய தளங்கள் பலவற்றை ஏறத்தாழப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது.

தொழில்நுட்ப ஊழியர் இல்லாத சிறு நிறுவனத்துக்குச் சந்தா சேவை பொருத்தமானதுதான். ஆனால், விக்ஸில் உருவாக்கிய தளத்தை அப்படியே வேறொரு வழங்கிக்கு எடுத்துச்செல்ல இயலாது. எனவே, எந்த அமைப்பாயினும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாளை இதைவிட்டு வெளியேற நேர்ந்தால், நமது கட்டுரைகள், படங்கள், வாடிக்கையாளர் விவரங்கள் ஆகியவற்றை எந்த வடிவில் எடுத்துச்செல்ல முடியும்?

தமிழில் வெளியிடும் நிறுவனங்கள் கூடுதலாக ஒன்றைச் சோதிக்க வேண்டும். வேர்ட்பிரஸ், தலைப்பிலிருந்து உருவாக்கும் பக்க முகவரியை 200 குறிகளுக்குள் அடக்குகிறது. முகவரியில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு ஒருங்குறிப் புள்ளியும் 9 குறிகளாக மாறுவதால், நீண்ட தமிழ்த் தலைப்புகள் பாதியிலேயே துண்டிக்கப்படுகின்றன. ஆங்கில மாதிரிப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுப்போருக்கு இது புலப்படாது.

பழைய முகவரிகளையும் மறந்துவிடலாகாது. அவற்றுக்கு வருவோரைப் புதிய பக்கங்களுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடாவிட்டால், தேடுபொறிகளில் பல ஆண்டுகளாகச் சேர்த்த இடம் பறிபோகும்.

ஆகவே, இறுதி முடிவுக்கு முன், நாள்தோறும் தளத்தில் எழுதப்போகும் ஊழியரிடமே அமைப்பைக் கொடுத்து, ஒரு தமிழ்ப் பக்கத்தை உருவாக்கித் திருத்தச் சொல்ல வேண்டும். பிறகு, அந்தப் பக்கத்தை வெளியே எடுத்துக்காட்டுமாறு விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். இந்த இரு சோதனைகளிலும் தேறாத அமைப்பு, எத்தனை அழகான முகப்பைத் தந்தாலும் ஏற்கத்தக்கதன்று.