லாயக் கதவும் சந்தை ஏடும்

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளுள், மக்கள் வாழ்பவற்றில் மிகத் தொலைவிலுள்ளது நெடுந்தீவு. அங்கே செல்வோருக்கு முருகைக்கல்லால் எழுப்பிய தூண்கள் சிலவற்றைக் காட்டி, ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயம் இதுவே என்பார்கள். போர்த்துக்கீசர் காலத்திலும் அவர்களுக்குப்பின் ஒல்லாந்தர் காலத்திலும் அத்தீவிலே குதிரைகள் வளர்க்கப்பட்டன. அவற்றின் வழிவந்தவையெனக் கூறப்படும் குதிரைகள் இன்றும் அவ்வெளிகளிலே கட்டின்றித் திரிகின்றன. குதிரை வளர்ப்புக்குத் தீவொன்று ஏற்ற இடமாவதன் காரணங்களுள் ஒன்று எளிதிற் புலப்படும். நாற்புறமும் கடல் வேலியாக நிற்கிறது. ஒருவன் ஆட்டைத் தோளிலே தூக்கிக்கொண்டு தோணியேறலாம். குதிரையை அவ்வாறு கொண்டுபோக இயலாது.

ஆனால் கடல் வேலி எல்லா நாட்டுக்கும் எல்லா லாயத்துக்கும் வாய்ப்பதன்று. அத்தகைய வேலியற்ற நாட்டினர் தம் குதிரைகளையும், சேணம், கடிவாளம் முதலிய உடைமைகளையும் எவ்வாறு காத்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதனைச் சிறிய பொருளென்று தள்ளிவிடலாகாது. குதிரை அக்காலத்திலே உழவனுக்கு ஏராகவும், வணிகனுக்கு வண்டியாகவும், அரசனுக்குப் படையாகவும் இருந்தது. ஒரே குதிரை வைத்திருந்த குடியானவன் அதனை ஓரிரவில் இழந்தால் மறுநாளே வறியவனானான்.

குதிரைக் களவுக்கு ஏனைய களவுகளுக்கில்லாத ஓர் இயல்பு உண்டு. நெல்மூடையைத் திருடியவன் அதனைத் தான் சுமக்கவேண்டும். குதிரையைத் திருடியவனையோ திருட்டுப்பொருளே சுமந்து செல்லும். நள்ளிரவில் மேய்ச்சல் நிலத்திலிருந்து அவிழ்த்த குதிரை, பொழுது விடியுமுன் திருடனைப் பல ஊர்களுக்கு அப்பால் கொண்டுசேர்த்துவிடும். எனவேதான் பழைய சட்டங்கள் இக்களவைக் கடுமையாக நோக்கின. சின்ன ஆசியாவில், இற்றைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஆண்ட இத்தைத்தியரின் சட்டத்திலே, ஒரு பொலிகுதிரையைத் திருடியவன் முன்பு முப்பது குதிரைகளை ஈடுசெய்யவேண்டியிருந்தது என்றும், இனிமேல் பதினைந்து கொடுத்தாற் போதும் என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் தண்டனையை விடுத்து வேறோரிடத்திலே தொடங்குகிறது. குதிரை அதிகாரி முதலிற் செய்யவேண்டிய பணி கணக்கெழுதுதல் என்கிறது அந்நூல். ஒவ்வொரு குதிரையின் குலம், வயது, நிறம், உடற்குறி, தரம், வந்த இடம் ஆகியவற்றை அவன் பதிய வேண்டும். விற்பனைக்கென வந்தவை, விலைக்கு வாங்கியவை, போரிலே கிடைத்தவை, லாயத்திலே பிறந்தவை, துணைவலியாக வந்தவை, ஈடாக வைக்கப்பட்டவை, சிறிதுகாலம் மட்டும் தங்குபவை என்று அவை வந்த வழியையும் ஏழாக வகுத்துக்காட்டுகிறது. இக்குதிரை எப்படி இங்கே வந்தது என்ற வினாவுக்கு எக்காலத்திலும் விடையிருக்கவேண்டும் என்பதே அவ்வகுப்பின் பயன்.

வடவிந்தியாவிலே தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி (1296–1316) இன்னுமோர் அடி முன்சென்றார். படைக்குதிரைகளின் உடலிலே சூட்டுக்குறி பொறிக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். அவர் அஞ்சிய கள்வன் மதிலேறி வருபவனல்லன், லாயத்தினுள்ளேயே இருந்தவன். நல்ல குதிரைக்கு அரசன் பணம் கொடுக்க, அதனை விற்றுவிட்டு நோஞ்சற் குதிரையொன்றைக் காட்டுவதும், ஒரே குதிரையை இருமுறை அணிவகுப்பிலே நிறுத்துவதும் படைத்தலைவர் சிலரின் வழக்கமாயிருந்தன. இம்முறை பின்னர் நெகிழ்ந்துபோக, சேர்சா (1540–1545) அதனைப் புதுப்பித்தார். பேரரசர் அக்பரும் அதனை மேற்கொண்டார். பூட்டு வெளிக்கள்வனைத் தடுக்கும். திறவுகோலை வைத்திருப்பவனே கள்வனாயின் அவனைத் தடுக்கக்கூடியது குறியொன்றே.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். குதிரை களவுபோனபின் லாயக் கதவை அடைப்பது வீண் என்ற பழமொழி அந்நாட்டிலே வழங்குவது. ஆனால் அந்நாட்டவரே, குதிரை போனபின்னும் அடைக்கக்கூடிய கதவொன்று உண்டு என்பதைக் கண்டறிந்தனர்.

முதலில் அவர்கள் நம்பியது தூக்குமரத்தை. அக்காலத்து ஆங்கிலச் சட்டத்திலே விந்தையான சலுகையொன்று இருந்தது. சமயகுருமாருக்கென ஏற்பட்ட அது, நாளடைவிலே வேதநூலின் ஒரு பகுதியை வாசிக்கத் தெரிந்த எவனையும் முதற்குற்றத்தில் மரணத்தினின்று காக்கலாயிற்று. எழுத்தறிவு உயிர்காத்த காலம் அது. ஆறாம் எட்வேட் மன்னரின் 1547ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைகளைத் திருடுவோருக்கு அச்சலுகை இல்லையென்றது. சட்டத்திலே ‘குதிரைகள்’ என்று பன்மையிலே எழுதப்பட்டிருந்தமையால், ஒரு குதிரையை மட்டும் திருடியவனுக்கு அது பொருந்துமா என்று நீதிபதிகள் ஐயுற்றனர். மனித உயிரொன்று பன்மை விகுதியிலே தொங்கியது. அந்த ஐயத்தைப் போக்க மற்றுமொரு சட்டம் விரைவிலே இயற்றப்படவேண்டியதாயிற்று. சட்ட அறிஞர் பிளாக்ஸ்ரன் இதனைத் தம் நூலிலே எடுத்துரைக்கிறார்.

தூக்குமரம் நின்றது, களவும் நின்றபாடில்லை. அதற்குக் காரணம் சந்தையிலே இருந்தது. திறந்த சந்தையிலே நல்லெண்ணத்துடன் ஒரு பொருளை வாங்கினால், அது களவுப்பொருளேயாயினும் வாங்கியவனுக்கே உரியதாகும் என்பது இங்கிலாந்தின் பழைய விதி. ஆகவே திருடன் தூரத்துச் சந்தையை அடைந்து குதிரையை விற்றுவிட்டால், உரியவன் தன் குதிரையைக் கண்ணெதிரே கண்டாலும் மீட்க வழியில்லை. லாயக் கதவை எவ்வளவு உறுதியாக அடைத்தாலும் சந்தைக் கதவு அகலத் திறந்தே கிடந்தது.

அக்கதவை அடைக்க எழுந்தவை 1555ஆம், 1589ஆம் ஆண்டுகளின் சட்டங்கள். அவை விதித்தவற்றைக் கேளுங்கள். குதிரையைத் தனியார் முற்றத்திலோ லாயத்திலோ வைத்து விற்றால் அவ்விற்பனை உரியவனின் உரிமையைப் போக்காது. காலை பத்து மணிக்கும் பொழுதுசாய்தலுக்கும் இடையே, பொதுவிடத்திலே, முழுதாக ஒரு மணிநேரம் அதனை எல்லோரும் காண நிறுத்தவேண்டும். பின்னர் விற்பவனும் வாங்குபவனும் சேர்ந்து சந்தை ஏட்டுக்காரனிடம் செல்லவேண்டும். அவன் குதிரையின் விலை, நிறம், அடையாளம், இருவரின் பெயர், வசிக்கும் ஊர் ஆகியவற்றை எழுதுவான். விற்பவன் ஏட்டுக்காரனுக்கு அறிமுகமானவனாயிருத்தல் வேண்டும். அன்றேல் இவன் இன்னான் என்று உறுதிகூற நம்பத்தக்க ஒருவனை அழைத்துவரவேண்டும். இவையெல்லாம் நடந்தபின்னும், களவு நிகழ்ந்து ஆறு மாதத்துக்குள் உரியவன் நீதவானிடம் முறையிட்டு, மேலும் நாற்பது நாளுக்குள் இரு சாட்சிகளால் உரிமையை நிலைநாட்டி, வாங்கியவன் கொடுத்த விலையையும் செலுத்துவானாயின் குதிரையை மீட்டுக்கொள்ளலாம்.

இவ்விதிகளின் நுட்பத்தைச் சிந்தித்துப் பாருங்கள். திருடன் விரும்புவது இருள், விரைவு, முகமறியாமை. சட்டம் வெளிச்சத்தையும் தாமதத்தையும் அறிமுகத்தையும் வேண்டுகிறது. வாங்கியவனும் வஞ்சிக்கப்பட்டவனே என்பதை மறவாமல் அவன் பணத்துக்கும் வழிசெய்கிறது. இவ்வேடுகளிற் சில இன்றும் ஆவணக் காப்பகங்களிலே உள்ளன. சிவலைக் குதிரை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, விற்றவன் இன்னான், அறிந்தவன் இன்னான் என்னும் வகையில் ஓடும் அவ்வரிகளை எழுதியவன் சந்தையில் ஆயம் வாங்கிய எளிய ஊழியனே.

இம்முறை குறையற்றதென்று சொல்லமாட்டேன். நெற்றிச் சுட்டிக்குச் சாயம் பூசலாம். வாலையும் பிடரியையும் கத்தரிக்கலாம். பொய்ச்சாட்சியை விலைக்கு வாங்கலாம். சந்தையை விட்டு ஒதுக்கமான முற்றத்திலே விற்கலாம். அன்றியும் 1829ஆம் ஆண்டில் லண்டன் மாநகரப் பொலிஸ் படை அமைவதற்குமுன், களவுகொடுத்தவனே கள்வனைத் தேடவும் வழக்காடவும் தன் கைப்பணத்தைச் செலவிடவேண்டியிருந்தது. ஏழைக் குடியானவன் அச்செலவுக்கு எங்கே போவான்? எனவே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர்தோறும் சங்கங்கள் தோன்றின. அங்கத்தவர் ஆண்டுச் சந்தா செலுத்துவர். ஒருவர் குதிரையை இழந்தால், அடையாளங்களை அச்சிட்டுப் பரப்புவதும், தேட ஆளனுப்புவதும், வழக்குச் செலவும் சங்கத்தைச் சாரும். அமெரிக்காவிலும் இத்தகைய சங்கங்கள் பல இருந்தன. மசச்சூசெட்ஸ் மாநிலத்து டெடம் என்ற ஊரிலே 1810இல் நிறுவப்பட்ட சங்கமொன்று, பிடிக்கக் குதிரைத் திருடர் இல்லாதபோதும், நட்புக்கூட்டமாக நீடித்து வந்திருக்கிறது.

லண்டன் போ வீதி நீதவான் சேர் யோன் பீல்டிங் என்பவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர் இளமையிலேயே பார்வையை இழந்தவர். களவு நிகழ்ந்தால் காலந்தாழ்த்தாது அடையாளங்களை எழுதியனுப்புங்கள் என்று மக்களை வேண்டினார். 1772 முதல் குற்றவாளிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி அச்சிட்டு நாடெங்குமுள்ள நீதவான்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தார். கண்ணில்லாத ஒருவர் ஒரு நாட்டுக்கே கண்ணானார்.

தூக்குமரத்தின் கதை எவ்வாறு முடிந்தது? தண்டனை மிகக் கடியதாயிருந்தமையால் மனமிளகிய நீதிபதிகள் பலருக்கு மன்னிப்புக் கிடைக்கச் செய்து, கடல்கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்புவித்தனர். இதனால் குதிரைத் திருடனின் முடிவு சீட்டுக் குலுக்கல் போலாயிற்று. ஒருவன் தூங்கினான், அதே குற்றஞ்செய்த மற்றொருவன் கப்பலேறினான். இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலிலே, குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அதன் தப்பாமையே என்று நிறுவினார். 1832ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் குதிரைக் களவுக்கான மரணதண்டனையை நீக்கியது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் குதிரைக்கு ஈடாக மனித உயிரை வாங்கிய சட்டம் அன்று ஓய்ந்தது.

சேணத்தைப் பற்றியும் ஒரு சொல். குதிரைக்கு நிறமும் சுட்டியும் சுழியும் உண்டு. தோற்சேணத்துக்கு அவை இல்லை. ஒன்றைப்போல் மற்றொன்றிருக்கும், ஓர் ஆள் தூக்கிச்செல்லலாம். எனவே பெருமனைகளிலே சேண அறையைத் தனியே பூட்டிவைத்தனர். குதிரைக்காரர் லாயத்தின் மேன்மாடியிலே படுத்துறங்கினர். இயற்கை கொடாத அடையாளத்தை மனிதனே கொடுக்கவேண்டும் என்ற உணர்வும் வந்தது. பிரித்தானியாவிலே இன்று உரியவரின் அஞ்சற் குறியீட்டைச் சேணத்தோலிலே பொறித்துவைக்கும் வழக்கம் உண்டு.

குதிரைக் குறியும் வளர்ந்திருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் பரல் என்ற கால்நடை மருத்துவர், பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குப் பதிலாகக் கடுங்குளிரூட்டிய முத்திரையாற் குறியிடும் முறையை உருவாக்கினார். குளிர்பட்ட இடத்திலே மயிரின் நிறம் அழிந்து வெண்மயிர் முளைக்கும், அதுவே குறியாகும். இங்கிலாந்திலே 2020 ஒக்டோபர் முதல், குதிரைகளின் கழுத்திலே அரிசிமணியளவான மின்னணுச் சில்லொன்றைச் செலுத்துதல் பொதுவிதியாயிற்று. அச்சில்லிலுள்ள எண் ஒரு பதிவேட்டைச் சுட்டுகிறது. ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் சந்தையிலே ஏட்டுக்காரன் கேட்ட அதே கேள்வியை இன்று கருவி கேட்கிறது: இக்குதிரை யாருடையது?

இது நமக்குப் புதியதன்று. நம் கிராமங்களிலே மாட்டுக்குக் குறிசுட்டு, அக்குறியைப் பதிவுசெய்து, விற்கும்போது விதானையாரிடம் சீட்டுப் பெற்ற காலத்தை முதியோர் அறிவர். சீட்டில்லாத மாட்டை வாங்க நேர்மையுள்ளவன் அஞ்சினான். அந்த அச்சமே பட்டிக்குக் காவலாயிற்று.

வேலியும் பூட்டும் வேண்டியவையே. ஆயினும் அவை ஓரிடத்தைத்தான் காக்கும். குறியும் ஏடும் பொருள் போகுமிடமெல்லாம் உடன்சென்று காக்கும். அவற்றுக்கும் மேலான காவல் ஒன்றுண்டு. மலிவாகக் கிடைக்கும் பொருளைக் கையிலெடுக்குமுன், இஃது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று வாங்குபவன் கேட்கும் கேள்வியே அது. வாங்குவார் இல்லாத சந்தைக்குத் திருடன் எதைக் கொண்டுபோவான்?