மருத்துவக் காப்பீட்டுப் பணம் வந்த வழி

மருத்துவமனைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் இரண்டு வழிகளில் கொடுக்கிறது. நோயாளி தன் பணத்தைக் கட்டிவிட்டு, வீடு திரும்பிய பின் ரசீதுகளைக் காட்டித் திரும்பப் பெறுவது ஒரு வழி. நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது மற்றொரு வழி. இதற்குப் பேச்சு வழக்கில் 'கேஷ்லெஸ்' என்று பெயர். இரண்டிலும் தொகை ஒன்றாகவே இருக்கலாம். பணம் வந்து சேரும்வரை யார் காத்திருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. முதல் வழியில் நோயாளியின் குடும்பம் காத்திருக்கிறது, இரண்டாவதில் மருத்துவமனை காத்திருக்கிறது. இந்தியாவில் இந்தப் பாரம் யார் தலையில் விழுவது என்ற இழுபறி இன்னும் ஓயவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த முதல் பெரிய ஏற்பாட்டில் இந்தச் சிக்கலே எழவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் ஈ.எஸ்.ஐ. திட்டத்தை நேரு தொடங்கி வைத்தார். 1955-இல் அது கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளர்களை எட்டியது. சம்பளத்தில் பிடித்தம் போகும். நோய் வந்தால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ போனால் போதும். மருத்துவமும் காப்பீடும் ஒரே அமைப்பின் கையில் இருந்ததால் பில்லுக்கே வேலை இல்லை. ஆனால் ஆலைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அப்போது அதில் இடமில்லை.

நேரடியாகக் கட்டும் முறை அமெரிக்காவில் மருத்துவமனையின் தேவையிலிருந்தே பிறந்தது. 1929-இல் டல்லாஸ் நகரின் பேலர் மருத்துவமனை, கட்டப்படாத பில்கள் குவிவதைக் கண்டு, பள்ளி ஆசிரியர்களிடம் ஆண்டுக்கு 6 டாலர் வாங்கிக்கொண்டு 21 நாள் வரை படுக்கை தருவதாக ஒப்பந்தம் செய்தது. பின்னாளில் புளூ கிராஸ் என்று வளர்ந்தது இதுதான். இந்தியாவிலோ மருத்துவக் காப்பீட்டை உருவாக்கியவர்கள் தீ, கடல், வாகனக் காப்பீட்டில் பழகியவர்கள். சேதம் நடக்கட்டும், கணக்கைக் காட்டு, ஈடு தருகிறோம் என்பதே அவர்கள் அறிந்த முறை. உடம்புக்கும் அதையே பொருத்தினார்கள்.

1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு அரசுடைமையானது. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நான்காக இணைக்கப்பட்டன; அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. இந்த நான்கும் சேர்ந்து 1986-இல் 'மெடிக்கிளைம்' பாலிசியைக் கொண்டுவந்தன. பிரீமியத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் சலுகையும் கிடைத்ததால், நோய்க்குப் பயந்து வாங்கியவர்களோடு வரிக்குப் பயந்து வாங்கியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த பாலிசி முழுக்கத் திரும்பப் பெறும் முறையில் இயங்கியது. மருத்துவமனையில் சேர்ந்த ஏழு நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு திரும்பிய முப்பது நாளுக்குள் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, கடை ரசீது, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் அசலாகக் கொடுக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால், எது மருத்துவமனை என்பதையே பாலிசி வரையறுக்க வேண்டியிருந்தது: உள்ளாட்சி அமைப்பில் பதிவு இருக்க வேண்டும், இல்லையெனில் 15 படுக்கை, சிற்றூரானால் 10 படுக்கை, அறுவை அரங்கு, இரவும் பகலும் செவிலியர், பொறுப்பில் ஒரு மருத்துவர். படுக்கையை எண்ணிப் பார்த்துக் கிளைம் மறுக்கப்பட்ட காலம் அது.

சேரும்போது அட்வான்ஸ், அறுவைக்கு முன் ஒரு தொகை, கிளம்பும்போது மீதி என்று குடும்பம் கட்டிக்கொண்டே போகும். கையில் இல்லாதவர்கள் நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். காப்பீட்டுப் பணம் வரும்போது வட்டி அதில் அடங்காது. பாலிசி வைத்திருந்தும் கடன்பட வேண்டியிருந்தது என்பதே அன்றைய மெடிக்கிளைமின் பெருங்குறை. சேமிப்பு உள்ளவருக்குத்தான் அந்தக் காப்பீடு முழுமையாகப் பயன்பட்டது.

1999-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்து, தனியார் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2001-இல் ஆணையம் வெளியிட்ட விதிகள் மூன்றாம் தரப்பு நிர்வாகி என்ற புதிய அமைப்பை உருவாக்கின. அதன் ஆங்கிலச் சுருக்கமான டி.பி.ஏ. இன்று மருத்துவமனை வரவேற்பறைகளில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. குறைந்தது 1 கோடி ரூபாய் மூலதனமும், இயக்குநர்களில் ஒருவராவது மருத்துவராக இருப்பதும் அன்று அதற்கு நிபந்தனை. டி.பி.ஏ. பாலிசி விற்காது, நட்டத்தையும் ஏற்காது. மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போடுவது, அட்டை கொடுப்பது, பில்லைச் சரிபார்ப்பது ஆகியவையே அதன் வேலை. காப்பீட்டு நிறுவனம் அதற்குக் கூலி தரும்.

இதற்குப் பிறகு பட்டியலில் உள்ள மருத்துவமனையில் அட்டையைக் காட்டினால் போதும் என்றானது. மருத்துவர் முன் அனுமதிப் படிவத்தில் நோயையும் உத்தேசச் செலவையும் எழுதுவார். அது தொலைநகலில் டி.பி.ஏ.வுக்குப் போகும், முதலில் ஒரு தொகைக்கு அனுமதி வரும், செலவு கூடினால் மறுபடி கேட்க வேண்டும், இறுதி பில் போனபின் இறுதி அனுமதி. பெயரில் 'கேஷ்லெஸ்' என்றாலும் கையுறை, பதிவுக் கட்டணம், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு போன்றவை நோயாளி கணக்கில்தான் ஏறின. அறை வாடகைக்கு உச்சவரம்பு வைத்த பாலிசிகளில், அதைவிட உயர்ந்த அறையை எடுத்தவருக்கு மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட மற்றத் தொகைகளும் அதே விகிதத்தில் வெட்டப்பட்டன. இதைச் சேரும்போதே எடுத்துச் சொல்ல ஆளில்லை. டிஸ்சார்ஜ் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. காத்திருப்பும் முற்றிலும் ஒழியவில்லை. மாதக்கணக்கில் நீண்டது டிஸ்சார்ஜ் நாளின் சில மணி நேரமாகச் சுருங்கியது, அவ்வளவே. சென்னையில் 2006-இல் தொடங்கிய ஸ்டார் ஹெல்த், நாட்டில் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே தனியாக அமைந்த முதல் நிறுவனம்; அது டி.பி.ஏ. இல்லாமல் தன் ஆட்களைக் கொண்டே கிளைம்களைத் தீர்த்தது.

நேரடியாகக் கட்டும் முறை முழுப் பொருளோடு நிறைவேறியது அரசுத் திட்டங்களில்தான். முன்பணம் கட்ட முடியாதவருக்குத் 'பிறகு தருகிறோம்' என்பது வெறும் சொல். அதனால் ஆந்திராவின் ஆரோக்கியஸ்ரீ (2007), மத்திய அரசின் தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆர்.எஸ்.பி.ஒய். (2008), தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் அதன் இடத்துக்கு வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எல்லாமே அட்டையை நம்பி அமைந்தன. ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்த விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டம் தொடங்கி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்பு வந்தது.

தனியார் மருத்துவமனைகளில் வேறு தகராறு மூண்டது. பில்லைக் கட்டுபவர் வேறு, சிகிச்சை பெறுபவர் வேறு என்றானதும் விலை கேட்க ஆளில்லாமல் போயிற்று. அட்டை உள்ளவருக்கு ஒரு கட்டணம், இல்லாதவருக்கு ஒரு கட்டணம் என்று நிறுவனங்கள் குற்றம் சாட்டின. 2010 ஜூலையில் நான்கு அரசு நிறுவனங்களும் சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு நகரங்களின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் கேஷ்லெஸ் வசதியை நிறுத்தின. முன்கூட்டியே விலை பேசி ஒப்புக்கொண்டவை மட்டும் புதிய பட்டியலில் சேர்ந்தன. இந்த நடவடிக்கைக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதன் முதல் அடி, அட்டையோடு வந்து நின்ற நோயாளிமேல்தான் விழுந்தது. மருத்துவமனைகளுக்கும் குறை உண்டு: பணம் தாமதமாக வருகிறது, பேசிய விலை ஆண்டுக்கணக்கில் ஏறுவதில்லை, காரணமின்றி வெட்டுகிறார்கள் என்பார்கள். 2025 ஆகஸ்டில்கூட ஒரு தனியார் நிறுவனத்தின் பாலிசிதாரர்களுக்குக் கேஷ்லெஸ் தருவதில்லை என்று மருத்துவமனைகளின் சங்கம் ஒன்று இதே காரணங்களைச் சொல்லி அறிவித்தது.

கொரோனா காலத்தில் படுக்கைக்கு ஆள் காத்திருக்க, குணமானவர் அனுமதிக்காகப் படுக்கையிலேயே காத்திருந்தார். 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டபின், கோவிட் கிளைம்களை ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்ய ஆணையம் உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான பொதுக் காப்பீட்டு மன்றம் பட்டியலில் இல்லாத மருத்துவமனைகளிலும் கேஷ்லெஸ் தருவதாக அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், அவசரத்தில் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் தர வேண்டும். அதே ஆண்டு மே மாதச் சுற்றறிக்கையில் ஆணையம் முன் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று கெடு வைத்தது. கெடு தாண்டி மருத்துவமனை கூடுதலாக வசூலிப்பதை நிறுவனமே ஏற்க வேண்டும், அதுவும் பங்குதாரர் நிதியிலிருந்து.

பழைய முறையும் மறையவில்லை. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளைமே மறுக்கப்பட்டதாக ஆகாது. பணத்தைக் கட்டிவிட்டு, ஆவணங்களைக் கொடுத்து, பிறகு கேட்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. அதுவும் மறுக்கப்பட்டு, நிறுவனத்திடம் தந்த புகாருக்கும் தீர்வு கிடைக்காவிட்டால், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் கட்டணமின்றி விசாரிக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கும் அவரது அலுவலகம் சென்னையில் இருக்கிறது.