கருணையின் துளியும் இல்லாத காலம்: சிபில் கார்த்திகேசு

வெள்ளைக் குடியேறிகளின் எழுத்து என்றால் பங்களா, வேட்டை, குளிர் என்றே கொள்வது கொடைக்கானல், பூம்பாறைப் பக்கத்தில் நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் குலைக்கும் நூல் ஒன்று உண்டு. 1954-இல் வெளியான 'நோ டிராம் ஆஃப் மெர்சி'. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தை நினைவூட்டும் அத்தலைப்புக்கு, துளிக் கருணையும் இல்லை என்பது பொருள்.

எழுதியவர் சிபில் கார்த்திகேசு. 1899-இல் சுமத்ராவின் மேடானில், ஐரிஷ் வழிவந்த யுரேசியத் தோட்டக்காரர் ஒருவருக்குப் பிறந்தவர். பயிற்சி பெற்ற தாதி. 1919-இல் மலாயாத் தமிழரான மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். ஈப்போவில் இருவரும் மருத்துவமனை நடத்தினர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் நெருங்கவே, அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தனர். அங்கே காடுகளிலிருந்து இரவில் வந்த மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்கு மருந்திட்டார் சிபில். கண்டோனியச் சீனம் சரளமாகப் பேசியது அவருக்குத் துணைநின்றது. தடைசெய்யப்பட்ட வானொலியை ஒளித்துவைத்துச் செய்தியும் கேட்டார்.

1943 ஜூலையில் கணவரும், அடுத்த மாதம் சிபிலும் கைதாயினர். கெம்பெத்தாய் எனும் இராணுவக் காவல்துறை அவரை வதைத்தது, முதுகெலும்பு சிதைந்தது. இளைய மகள் டானை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினர். அப்போதும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தை உயிர் தப்பியது.

அதே 1943 ஜூலையில்தான் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். போர்க்கால மலாயா என்றதும் தமிழ் மனம் நினைப்பது அந்தப் படையையும் சயாம் மரண இரயில்பாதையையும்தான். ஜப்பானியரை நட்பாகக் கருதிய தமிழரும், அவர்களால் மடிந்த தமிழரும் அவ்விரு கதைகளில் இடம்பெறுகின்றனர். அவர்களை எதிர்த்து நின்ற தமிழ்க் குடும்பத்திற்கு அவற்றில் இடமில்லை.

இந்த மறதிக்கு இன்னொரு காரணமும் உண்டென்று கருதுகிறோம். போர் முடிந்து விடுதலையான சிபில் சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்றார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12 அன்று ஸ்காட்லாந்தில் காலமானார். அதே மாதம் மலாயாவில் அவசரநிலை பிறந்தது. அவர் மருந்திட்ட படையை வழிநடத்தியது கம்யூனிஸ்ட் கட்சி. எனவே நூல் வெளிவந்தபோது, அவர் உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்களின் இயக்கம், அவருக்குப் பதக்கம் தந்த அரசின் எதிரியாகியிருந்தது. அவரை முழுமையாகக் கொண்டாட எத்தரப்புக்கும் வசதிப்படவில்லை.

நினைவுக்குறிப்பு என்னும் இலக்கிய வகையின் பயன் இங்கேதான் புலப்படுகிறது. அரசுகள் நண்பரையும் பகைவரையும் மாற்றிக்கொள்ளும். கதவைத் தட்டிய காயம்பட்டவனுக்கு அன்றிரவு யார் விளக்கேற்றினார் என்பதை அது மாற்றாமல் வைத்திருக்கும். அவர் உடல் 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. தமிழ் வாசகரிடம் அவர் நூல் இனித்தான் வந்துசேர வேண்டும்.