அளவுகோலாக நிற்கும் உடல்

பனி பெரிதாக இருந்தால் மட்டும் படத்தில் பெரிதாகத் தெரிந்துவிடாது. துருவக் காற்றில் தூசியும் ஈரமும் மிகக் குறைவு. பல மைல் தள்ளியிருக்கிற மலைகூடப் பக்கத்திலே நிற்கிற மாதிரி துலக்கமாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க மரமோ வீடோ கிடையாது. காமிராவின் பாட்டுக்கு விட்டால் பனிமலையும் கற்கண்டுக் கட்டியும் ஒன்றுதான்.

ஸ்காட்டின் கடைசிப் பயணத்தில் (1910-13) கூடப்போன ஹெர்பர்ட் பான்ட்டிங் இதற்குக் கண்ட வழி, ஆளை நிறுத்துவது. 1911 ஜனவரி 5இல் பனிமலை ஒன்றின் குகைக்குள்ளிருந்து எடுத்த படத்தில் டெய்லர், ரைட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நிற்கிறார்கள். தூரத்தில் டெர்ரா நோவா கப்பல். அந்த இரண்டு பேரையும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், குகை எவ்வளவு பெரிசென்றே சொல்ல முடியாது. குளிரில் அசையாமல் அவருக்காக நிற்பதற்கு, சகபயணிகள் அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கிண்டலடித்தார்கள். பிரம்மாண்டம் என்று நாம் வாய்பிளக்கிறது யாரோ விறைத்து நின்றதால் கட்டமைக்கப்பட்டது. அழகியல் பேசுகிறவர்கள் இந்தக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

யாருடைய உடல் என்பதுதான் என் கேள்வி. 1909 ஏப்ரலில் வடதுருவத்தை அடைந்ததாக ராபர்ட் பியரி அறிவித்தார் (அடைந்தாரா என்பது இன்னமும் சர்ச்சை). அங்கே எடுத்ததாக அவர் காட்டிய படத்தில் ஐந்து பேர் கொடிகளோடு நிற்கிறார்கள்: கறுப்பின அமெரிக்கரான மாத்யூ ஹென்சன், ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்வியா என்கிற நான்கு இனுயிட்கள். பின்னாலுள்ள பனிமேடு ஒன்றும் பெரிசில்லை. இந்த உடல்களை வைத்து அளந்து காட்டப்படுவது காமிராவுக்குப் பின்னால் நிற்கிற ஒருத்தரின் சாதனை. நேஷனல் ஜியாகிரபிக் சொசைட்டி பியரிக்கு 1906லேயே கொடுத்த ஹப்பர்டு பதக்கம் ஹென்சனுக்கு வந்தது 2000இல். அவர் செத்து 45 வருஷம் ஆகியிருந்தது.

படத்துக்கு வெளியிலும் இதே தர்க்கம்தான். 1897இல் பியரி கிரீன்லாந்திலிருந்து 30 டன்னுக்கு மேலான விண்கல் ஒன்றையும் ஆறு இனுயிட்களையும் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். ஒரு வருஷத்துக்குள் நான்கு பேர் செத்துப்போனார்கள். கிஸூக் என்பவரைப் புதைத்துவிட்டதாக அவருடைய சின்னப் பையன் மினிக்குக்குப் பொய்ச்சடங்கு ஒன்றை நடத்திக் காட்டிவிட்டு, அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எலும்புகளைத் தானே வைத்துக்கொண்டது. ஆராய்ச்சிக்காம். அந்த நான்கு பேரின் எலும்புகள் கிரீன்லாந்தின் கானாக்குக்குத் திரும்பியது 1993இல். விண்கல் இன்னும் நியூயார்க்கில்தான் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.